நாற்பத்தோராவது நத்தை

“அவ பேரை அடிங்கன்னா அடிங்க!” என்று பேனாவைக் கணவர் பக்கம் தள்ளினாள் மனைவி.

“மாட்டேன். என் வாழ்நாள்ல நான் பேர் வச்ச ஒரே நத்தை அது.”

இருவருமே புதைபடிவ ஆய்வாளர்கள். நடுக்கடல் தீவு ஒன்றின் பாறையில் கிடைத்த கடல் நத்தைகளின் பட்டியல் மேசைமேல் இருந்தது. எல்லாம் தேய்ந்து, நுனி உடைந்து, வாயில் கல் அடைத்துக்கொண்டவை. நாற்பத்தோராவது நத்தையின் ஓட்டில் மட்டும் வரிகளே இல்லை. அதனால் அது புது இனம் என்று முப்பது வருடத்துக்கு முன்பு அறிவித்து, ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டியிருந்தார் அவர்.

பட்டியலை வாங்கிப்போக வந்திருந்த ஆய்விதழின் புதுப் பதிப்பாசிரியைக்கு என்னவோ போலிருந்தது. இந்த வீட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை.

“வரியெல்லாம் இருந்திருக்கு, தேஞ்சு போச்சு. அவ்வளவுதான்” என்றாள் மனைவி. “கடற்கரையில கிடைக்கிற சாதா நத்தை ஒண்ணை வினிகர்ல ஊறப் போட்டேன், வரியெல்லாம் கரைஞ்சு போச்சு. நிறத்தை வச்சுக் கண்டுபிடிக்க முடியாதபடி ரெண்டு மேலயும் வெள்ளைப் பொடி பூசிப் படம் எடுத்தேன். பாருங்க. இதுல எது உங்க ஆளு?”

அவர் யோசிக்கவே இல்லை. இடது பக்கப் படத்தைத் தொட்டார். “இந்த இடுப்பு வளைவை நான் மறப்பேனா?”

பதிப்பாசிரியை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அது வினிகர்ல ஊறினதுங்க.”

கணவரின் முகம் தொங்கிப் போயிற்று. பதிப்பாசிரியை மெல்ல மனைவியின் காதோரம் குனிந்தார். “விடுங்கம்மா. முப்பது வருஷக் கதை. யாரோ ஒருத்தி பேரு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே. இன்னுமா கோபம்?”

“கோபமா, எனக்கா?” மனைவி சிரித்தாள். “தப்புன்னு தெரிஞ்சப்புறம் அவ இதுல ஒரு நாள்கூட இருக்கக் கூடாது.”

“கல்நெஞ்சக்காரி” என்று முனகிக்கொண்டே, ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு போட்டார் அவர். “திருப்தியா?”

“ரொம்ப. இருங்க, காப்பி போடறேன்.”

எழுந்திருக்கும்முன், பட்டியலின் அடியில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரை எழுதிப் பதிப்பாசிரியையிடம் நீட்டினாள் மனைவி.

பதிப்பாசிரியை அதைப் படித்தார். மேலே நாற்பத்தோராவது வரியைப் பார்த்தார். கோட்டால் அடிபட்டுக் கிடந்ததும் அதே பெயர்தான்.