அண்ணிக்கு வந்த ஆசை

"நாப்பது தாண்டியாச்சு. இப்போ போய் அழகு ஆபரேஷனாம்! ஊரே வாயால சிரிக்காதுடி, வேற எதாலயோ சிரிக்கும்!"

ஈரத்துணியைப் படீரென்று உதறினார் மாமியார். துணியோடு போனது பாதிக் கோபம்தான். மீதி அப்படியே மகள்மேல் நின்றது.

நாத்தனார் அசரவில்லை. வேலைக்குக் கிளம்பியபடியே, "கண்ணாடியில என் முகம் எனக்கு நல்லா இருக்க வேணாமாம்மா?" என்றாள்.

"இத்தனை வருஷம் இல்லாத ஆசை இப்போ எங்கேருந்து வந்துச்சு?"

"வந்துடுச்சு. என்ன பண்ண?"

அவளுக்குப் பிறந்ததிலிருந்தே இடது இமை தொங்கல். பாதி சாத்திய கதவு மாதிரி கண்மேல் விழுந்து கிடக்கும். தெருவில் 'தூங்குமூஞ்சி' என்று பட்டப்பெயர். வேலை, போட்டோ ஸ்டூடியோவில். "மத்தவங்க ஒரு கண்ணை மூடிக்கிட்டு போட்டோ எடுக்கணும். நான் மூடிக்கிட்டேதான் பொறந்தேன்" என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வாள். கல்யாணப் பேச்சை மட்டும் யாரையும் எடுக்க விடமாட்டாள்.

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மருமகளுக்கு வயிறு எரிந்தது.

அவள் குழந்தைக்கும் அதே இடது கண், அதே தொங்கல். அத்தையை உரித்து வைத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "இமை பார்வையை மறைக்குது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணித் தூக்கிவிட்டுடணும். தள்ளிப்போட்டா பார்வையே கெட்டுடும்" என்றார். கண்ணில் கத்தி என்றதுமே அவளுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. குழந்தையை வாரிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

"நல்ல வேலை செஞ்சே" என்றார் மாமியார். "இவளுக்கும் சின்னதுல இதையேதான் சொன்னாங்க. நான் கத்தியைக் கிட்டயே விடலையே! இப்போ என்ன குறைஞ்சு போயிட்டா? குத்துக்கல்லாட்டம் இருக்கா."

கணவனோ, அம்மா பேசும்போது அம்மாவுக்குத் தலையாட்டினான். டாக்டர் பேசும்போது டாக்டருக்கு.

பெற்ற பிள்ளையை நினைத்து இவள் தூக்கமில்லாமல் கிடக்கிறாள். அதே வீட்டில் ஒருத்திக்கு அழகு கேட்கிறதா?

போதாததற்கு, "துணைக்கு நீ வா. பாப்பாவையும் தூக்கிக்கோ" என்று வேறு வந்து நின்றாள் நாத்தனார்.

'நான் என்ன உங்களுக்கு ஆயாவா?' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு போனாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள்தான் நடுங்கினாள். நாத்தனாரோ கண்ணில் கட்டோடு தானே நடந்து வந்தாள்.

"வலிச்சுதா அண்ணி?"

"ஊசி போட்டப்போ சுருக்குன்னுச்சு. அப்புறம் டாக்டரும் நானும் கதை பேசிக்கிட்டே இருந்தோம். பாப்பா மாதிரி சின்னதுங்கன்னா தூங்க வச்சே பண்ணிடுவாங்களாம். அதுகூடத் தெரியாது."

கட்டைப் பிரித்ததும் வலியக் கூப்பிட்டுக் காட்டினாள். "கிட்ட வந்து பாரேன். இவ்வளவுதான் தையல். இதுக்குப் போய் என்னமோ ஏதோன்னு..."

கண் அழகாகத்தான் திறந்திருந்தது. முகமே வேறு யாருடையதோ போலிருந்தது. மருமகளுக்கு இருந்த கோபம் போய்க் குறும்பு வந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லுங்க அண்ணி. யாரு அவரு?"

"சீ, போ!" என்று நாத்தனார் சிரித்தாள்.

தையல் பிரிக்கிற அன்றும் மருமகள் குழந்தையோடு கூடவே போனாள். தையலைப் பிரித்துவிட்டு, நாத்தனாரின் வலது கண்ணை மூடச் சொல்லி டாக்டர் விரல்களைக் காட்டினார்.

"எத்தனை விரல்?"

"ரெண்டா... மூணா டாக்டர்? புகைமூட்டமா இருக்கு."

மருமகள் எழுந்து வந்தாள். "ஐயோ டாக்டர்! என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைம்மா. ஆபரேஷன் நல்லா ஆயிருக்கு. இந்தக் கண்ணுல பார்வை சின்ன வயசுலயே போனது. இனிமே இமையைத் தூக்கினாலும் வராதுன்னு இவங்ககிட்ட முதல்லயே சொல்லிட்டேன். அப்பவே பண்ணியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

மருமகள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இது அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆபரேஷன் வேணாம்னு பயந்தது அவங்கதானே? தெரிஞ்சா தாங்குவாங்களா? அதான் இத்தனை வருஷமா ரெண்டு கண்ணும் தெரியற மாதிரியே நடந்துக்கிட்டேன். கடைசியில என் வேஷமே பாப்பாவுக்கு வினையாப் போச்சு. 'என் பொண்ணு நல்லாத்தானே இருக்கா'ன்னு அம்மா சொல்றப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடைச்சுக்கும். நீயும் அதை நம்பிட்டே."

"அப்போ உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த ஆபரேஷன்?"

நாத்தனார் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அம்மாவையும் நோகடிக்கக் கூடாது, உன் பயமும் போகணும். வேற எப்படிப் போக்குறது? இந்தக் கண்ணுல போறதுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. நானே முதல்ல படுத்துட்டேன்."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

அவர்கள் வீட்டுக்கு வந்தபோது மாமியார் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னடி, மகாராணி அழகாயிட்டாளா?"

"ஆயிட்டாங்க அத்தை. பாப்பாவுக்கும் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டு வந்துட்டேன்."

"அடிப்பாவி! இவகூடப் போயி உனக்கும் அந்த அழகுப் பைத்தியம் ஒட்டிக்கிச்சா?"

நாத்தனார் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மருமகள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமாம் அத்தை. ஒட்டிக்கிச்சு."