வயிறு உப்பிய கிதார்

பேரம் பேசுவதில் தன்னை மிஞ்சத் தென்காசியில் ஆள் கிடையாது என்பது ஞானதுரை வாத்தியாரின் அபிப்பிராயம். கத்திரிக்காயிலிருந்து கைக்கடிகாரம் வரை எதையும் சொன்ன விலைக்கு அவர் வாங்கியதில்லை. வாய் கூசாமல் குறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வித்தை என்று சக வாத்தியார்களுக்கு இலவசமாகப் பாடமும் நடத்துவார்.

அப்பேர்ப்பட்டவரையே குற்றாலத்தில் ஆதம் பாய் கடையில் ஒரு சாமான் மயக்கிவிட்டது.

ஆதம் பாய்க்குச் சொந்த ஊர் கடையநல்லூர். சீமைக்குக் கப்பலேறிய துரைமார்கள் விட்டுப்போன பங்களாச் சாமான்களை வாங்கி விற்கிறவர். ஈரச் சாக்கால் சுற்றி ஆட்டுக்கல்லை ஏற்றி வைத்திருந்த ஒரு மேஜைப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருந்தது. அங்கே பீரோவில் சாய்ந்தபடி நின்றது ஒரு கிதார்.

ஞானதுரைக்குச் சொந்தமாகக் கிதார் கிடையாது. பாதிரியாரின் தட்டைக் கிதாரை இரவல் வாங்கித்தான் இரண்டு வருஷம் பழகினார். பாதிரியார் மாற்றலாகிப் போனபோது கிதாரும் கூடவே போய்விட்டது. அன்றிலிருந்து சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அறுபத்தைந்து ரூபாய் சேர்த்து வைத்திருந்தார்.

இது தட்டைக் கிதார் இல்லை. பாதிரியாரிடம் இருந்த விலைப்பட்டியலில் படமாக மட்டும் பார்த்த ஆர்ச்டாப். வயலினைப் போல முன்பக்கம் மேடாகச் செதுக்கி, இரண்டு பக்கமும் வளைந்த துளை போட்டிருந்தார்கள். அந்த மேடுதான் அதற்கு உயிர், குரலே அங்கிருந்துதான் வருகிறது என்று பாதிரியார் சொல்லியிருந்தார். இருபது வருஷப் பழசு என்றார் பாய். ஒரே ஒரு தடவை கம்பியை மீட்டிப் பார்த்த ஞானதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்தமாதிரி துடைத்துக்கொண்டார்.

விலை கேட்டார். அறுபது என்றார் பாய்.

மடியில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். பழக்கம் விட்டால்தானே. கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“என்ன பாய், வயிறு இப்படி உப்பிக் கெடக்கு? சாரல்ல நனைஞ்சு பலகை ஊதிட்டு போலிருக்கே. முப்பது ரூவான்னா எடுத்துக்கிடுதேன்.”

பாய் கிட்டே வந்தார். மேட்டைக் கையால் தடவிப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று. பிறகு கிதாரை ஞானதுரையின் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

“இன்னைக்கு இதைக் குடுக்க முடியாது சார்வாள். நாளைக்குக் காலையில வாங்க.”

ஞானதுரைக்குத் திக்கென்றது. நாற்பது என்றார், ஐம்பது என்றார், கடைசியில் அறுபதுக்கே வந்தார். பாய் அசையவில்லை.

பஸ்ஸில் போகும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தார். வேறு எவனோ சீசனுக்கு வந்த பணக்காரன் கூடுதலாகச் சொல்லியிருக்கிறான், அதுதான் விஷயம். ஆளைப் பார்த்தால் சாது, உள்ளுக்குள் அத்தனையும் கள்ளம் என்று மனைவி ஜெபமலரிடம் புலம்பித் தீர்த்தார். கிதார் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கே குற்றாலம் போய் இறங்கினார். பாய் கடை திறந்து காத்திருந்தார். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

“நேத்து நீங்க சொன்னதும் எனக்கு மானமே போச்சு சார்வாள். அஞ்சாறு பேரு வந்து பாத்துட்டுப் போனாவ, ஒருத்தரும் வாயத் தொறக்கல. நீங்க ஒருத்தர்தான் உள்ளதை உள்ளபடி சொன்னிய. கெட்ட சாமானை உங்க தலையில கட்டுனா எனக்கு அடுக்குமா?”

எழுந்து போய் மூலையில் கிடந்த ஈரச் சாக்கை விலக்கினார். சாக்கின்மேல் இருந்த ஆட்டுக்கல்லை அப்போதுதான் இறக்கி வைத்த அடையாளம் தெரிந்தது.

“சாரல்ல ஊதுற மேஜை, கதவு எல்லாத்தையும் இப்படித்தான் நிமித்துவேன். கம்பியைக் கழத்தி வச்சுட்டு நேத்தே கல்லை ஏத்திட்டேன். நடுவுல ஒரு கீறல் விழுந்துட்டு, அதையும் அரக்கு வச்சு அடைச்சாச்சு. இப்பப் பாருங்க, உப்பலே கெடையாது.”

கிதார் மணைப்பலகை மாதிரி தட்டையாகக் கிடந்தது. அரக்குக் கோடு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடியது.

ஞானதுரை அந்தக் கோட்டை விரலால் தடவினார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. பாயின் கை விரல்களில் கல் இழுத்த சிராய்ப்பு சிவந்து தெரிந்தது. சொன்னால் அந்த மனுஷன் இடிந்துபோவார்.

“முப்பதே குடுங்க சார்வாள், போதும்,” என்றார் பாய். “குறையை எடுத்துச் சொன்ன நல்ல மனசுக்கு மிச்சத்தைக் கழிச்சாச்சு.”

“ரொம்ப நல்லா நிமிந்திருக்கு பாய்,” என்றார் ஞானதுரை. மடியிலிருந்து அறுபது ரூபாயை எடுத்துப் பாயின் கையில் வைத்து மூடிவிட்டு, முதல் தடவையாகச் சொன்ன விலைக்கு வாங்கிய பொருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.