எல்லாம் பச்சை

திரையில் 'ஸ்டெல்லா'வுக்கு நேரே பச்சை எரிந்துகொண்டிருந்தது.

கஸ்பார் நெற்றியிலிருந்து நெஞ்சுவரை சிலுவை போட்டுக்கொண்டார். படகுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற சோனியாவின் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பச்சை என்றால் படகு கரைக்கு வந்துவிட்டது. சிவப்பு என்றால் கடலில் கிடக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறவருக்கு இந்த இரண்டு நிறம் போதும்.

'ஸ்டெல்லா'வில் போன ஜஸ்டின் நேற்றே வந்திருக்க வேண்டும். ஒரே மகன். ராத்திரி முழுக்க அடித்த காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்தது. அப்போதிருந்து கஸ்பார் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

இங்கே பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் படகைக் காணோம்தான். மீனை இறக்க அக்கரையில் ஜங்கிளிகாட் துறைக்குப் போயிருப்பான். அவன் ஃபோன் அணைந்து கிடக்கிறது. கூடப் போன பொன்னுத்துரை தன் ஃபோனில் பச்சையை அழுத்தியிருப்பான். இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிதான் சர்வர், யார் எங்கிருந்து அழுத்தினாலும் இதில் வந்து விழும், இதில் விழுந்தது எல்லார் ஃபோனிலும் தெரியும் என்று மெயின்லேண்டிலிருந்து வந்து மாட்டிக் கொடுத்த பிரவீன்குமார் சொல்லியிருந்தான்.

மருமகள் பிரிஸ்கில்லா கூப்பிட்டாள். அவள் ஃபோனிலும் பச்சை வந்துவிட்டதாம்.

"மாமா, கண்ட இடத்துல நின்னு பேசிட்டிருக்காம நேரா வீட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் உலை வைக்கேன்."

"வரட்டும். முதல்ல செவுள்ல ரெண்டு வச்சுட்டுத்தான் சோறு."

பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்காக அக்கரைக்குப் போயிருந்த சோனியா, ஃபெர்ரியை விட்டு இறங்கி நேரே உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். தோள்பையைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது.

"மாமா, லைட் போச்சா?"

"மத்தியானம் பஜார் பூரா கரண்ட் இல்ல. நான் வரும்போது வந்துட்டு. அதுக்கென்ன இப்ப?"

"எல்லாம் பச்சையா இருக்கே."

எல்லாம் பச்சை என்று ஒரு பார்வையில் நம்பியிருந்த கஸ்பார் அப்போதுதான் மற்ற வரிகளை ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினார். ஒன்று பாக்கியில்லாமல் அத்தனையும் பச்சை. பேச்சியம்மாவின் படகும் பச்சை. அது இன்று விடியற்காலையில் கிளம்பிப் போனதை அவரே ஜெட்டியில் நின்று பார்த்தார்.

சோனியா படபடவென்று சொன்னாள். பெட்டி ஓடுவது ஒரு சிடியிலிருந்து. அதைப் படிக்கலாம், அதில் எழுத முடியாது. யார் எதை அழுத்தினாலும் லைட் இருக்கிற வரைக்கும்தான் பெட்டிக்கு ஞாபகம். லைட் போய் வந்தால் அது சிடியில் பதிந்த நாளுக்கே திரும்பிவிடும். பதிந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். எல்லாப் படகும் கரையில் கட்டிக் கிடந்த நாள் அது. ஒவ்வொரு முறை லைட் வந்ததும், தன் ஃபோனில் திரையை எடுத்து வைத்திருக்கிற படத்தைப் பார்த்து அவள்தான் கடலில் இருக்கிற படகுகளைத் திரும்பச் சிவப்பாக்குவாள்.

இன்றைக்கு அவள் இல்லை.

"எவன் வச்சான் இப்படி ஒரு மெஷின?"

"நீங்கதான மாமா."

போன வருஷம் பழைய செயலாளர் பெட்டிக்குள் கைவைத்து, டீசல் கொடுக்கிற வரிசையில் தன் மச்சான் படகை முன்னால் தள்ளினார். அதைக் கிளறி எடுத்துச் சங்கத்தில் மேசையைத் தட்டினவர் கஸ்பார். தலைவரானதும், எவன் கையும் உள்ளே போகாத பெட்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிரவீன்குமார் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டுச் சிடியைப் போட்டான். அன்றாடம் ஏறுவதைப் பிடித்து வைக்க ஒரு பென் டிரைவும் செருகினான். அதைக் கஸ்பார் பிடுங்கி அவன் கையிலேயே கொடுத்தார். சட்டைப் பைக்குள் போகிற சாமானை அவர் நம்புவதில்லை.

அப்படியானால் பொன்னுத்துரை எதையும் அழுத்தவில்லை. ஜங்கிளிகாட்டில் யாரும் மீன் இறக்கவில்லை. வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும்.

சோனியா அதற்குள் மேசை ஃபோனை எடுத்துக் கடலோரக் காவல் படையின் கண்ட்ரோல் ரூமைப் பிடித்துவிட்டாள். "ஸாப், ஸ்டெல்லா அபி தக் நஹி ஆயா," இன்னும் வரவில்லை என்று இந்தியில் சொன்னாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். ரிசீவரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"மத்தியானத்துக்கு மேல வயர்லெஸ்ல ஒரு குரல் கேட்டுச்சாம் மாமா. தண்ணி ஏறுதுன்னு மட்டும் புரிஞ்சுதாம். படகுப் பேரு புரியலையாம். ஒவ்வொரு சங்கமா ஃபோன் போட்டுக் கேட்டிருக்காங்க. நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் எடுத்து, சப் ஆ கயா, எல்லாம் வந்தாச்சு, ஒண்ணுகூட வெளிய இல்லன்னாராம். அதனால நம்ம பக்கத்தை விட்டுட்டு வேற பக்கம் தேடிட்டு இருக்காங்க."

கஸ்பார் இடுப்பில் செருகியிருந்த ஆபீஸ் சாவியைத் தடவினார்.

"யாரு எடுத்ததுன்னு பேரு கேக்காங்க மாமா."

ஆபீஸுக்கு ஒரே சாவிதான். அதை அவர் யாரையும் நம்பிக் கொடுத்ததில்லை.