தினமும் ஒரு முகவரி

"தினமும் காலையில இதே கூத்தா?"

எரிந்து விழுந்தார் அர்ஜுன். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜர்.

டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று, கன்டெய்னர்களைப் பதிந்து உள்ளே விடும் ஆப் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் அறையில் தன்னந்தனியாக வேலை பார்க்கும் சுஹைப் நிதானமாகப் போனை எடுத்தான்.

"அக்காவைக் கேட்டா சரியாய்டும் சார்."

"எந்த அக்கா?"

"தங்கபுஷ்பம் அக்கா. எண்ணூர்ல வூட்லேர்ந்தே நம்ம சர்வரைப் பாத்துக்குது. ராத்திரி நிறுத்துன கிளஸ்டரை, அதான் அந்த சர்வர் கூட்டத்தை, காலையில கிளப்பினா, டேட்டாபேஸுக்குப் புது ஐ.பி. முகவரி வந்துடும். அக்கா பாத்துச் சொல்லும், நான் ஆப்ல அடிச்சிடுவேன்."

அர்ஜுனுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"மாறுற முகவரியை எவனாவது எழுதுவானா? டேட்டாபேஸுக்கு மாறாத பேர் ஒண்ணு வெச்சிருக்கே. அதை ஒரு தடவை எழுதிட்டா ஆப் தானே தேடிக்கும். இதுகூடத் தெரியாம ரெண்டு பேரு!"

"தெரியும் சார்." சுஹைப் தலையைக் குனிந்துகொண்டான். "வூட்டுக்காரர் போனப்புறம் அக்கா ஒண்டியா கீது. பொண்ணு துபாய்ல. சும்மா போன் பண்ணா, 'எனக்கு இன்னா கொறச்சல், வேலையப் பாரு'ன்னு வெச்சிடும். இதுக்குன்னா பேசும். அப்படியே மீன் வெலை, கரன்ட் கட்டுன்னு நாலு வார்த்தை... அதான் சார்."

"அதுக்கா ஆபீஸ் நடத்தறோம்?"

அர்ஜுன் கீபோர்டை இழுத்துத் தானே அந்தப் பேரை அடித்தார். ஆப் உடனே ஓட ஆரம்பித்தது. வெளியே யார்டு கேட்டைத் திறந்தார்கள்.

சுஹைப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் போன் அடித்தது. அர்ஜுன் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். சுஹைப் பக்கத்திலேயே நின்றான்.

"இன்னா தம்பி, இன்னிக்கு இன்னும் போனையே காணோம்?"

"நான் மேனேஜர் பேசறேம்மா. மாறாத பேரையே எழுதிட்டேன். இனிமே உங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல."

மறுமுனையில் தங்கபுஷ்பத்தின் குரல் இறங்கி வந்தது.

"அது எனக்குத் தெரியாதா இன்னா சார்? மத்தவங்க எல்லாம் பெரிய ஆபீசுக்குப் போய்ட்டாங்க, அந்தப் புள்ள அங்க தனியா குந்திகினு கீது. நாள்பூரா அது வாயத் தொறந்து பேசறது என்கிட்ட மட்டும்தான். பாவமா இருந்துச்சு, அதான் மாத்தாம வுட்டுட்டேன். அதுக்கு ரோசம் ஜாஸ்தி, இதைப் போய் அதுகிட்ட சொல்லிடாதீங்க சார்."