மேல்வீட்டுப் பூட்டு

‘கூப்பிடுகிறார்’ என்றாரா, ‘போகச் சொல்கிறார்’ என்றாரா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை.

ஜெபம் முடித்து எழுந்த என் கணவர் கூரையைப் பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது. மேல்வீட்டுக் கதவைத் திறக்க வேண்டுமாம். ஆண்டவர் சொன்னாராம்.

பூட்டுத் திறப்பதுதான் அவர் தொழில். மேல்வீட்டில் ஒரு பெண் தனியாக இருந்தாள். சின்ன வயசு.

முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

“ஏன், உங்க ஆண்டவருக்கு இந்தத் தெருவுல வேற வீடே கண்ணுல படலையா?”

“நானும் அதைத்தான் சொன்னேன். வேற ஆளை அனுப்புங்கன்னேன்.”

சாக்குகளை அவரே அடுக்கினார். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்காமல் பூட்டைத் தொட்டவனை நம்பி அப்புறம் யார் சாவி கொடுப்பார்கள்? கடையை மூட வேண்டியதுதான். திருடப் போகிறவனுக்கும் இப்படித்தானே ஏதாவது தோன்றும்?

தேநீர் ஆறி ஆடை கட்டியது.

பிறகு கருவிப்பையை எடுத்தார்.

நானும் பின்னாலேயே படியேறினேன். துணைக்கு அல்ல.

தட்டினார். கதவில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தார். மண்டியிட்டுக் கம்பியை நுழைத்தார். நான் பூட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே திரை போட்ட இருட்டு. சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவினார். தப்பான சுவர். முன்பு வந்து பழகிய கை அல்ல.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவள் குளியலறை வாசலில் கிடந்தாள். உயிர் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் அண்ணன் விடவில்லை.

“உள்ள விழுந்து கிடக்கிறது உனக்கு எப்படிய்யா தெரியும்? முனகல் ஏதாவது கேட்டுச்சா?”

ஆமாம் என்றால் அத்தோடு முடிந்துவிடும்.

கூட வந்திருந்த அக்கம்பக்கத்தார் தரையைப் பார்த்தார்கள். பட்டறைச் சத்தத்தில் அவருக்கு இரண்டு காதும் போய்ப் பல வருஷம் ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அன்று முழுக்க வீட்டிலிருந்த எனக்கோ ஒன்றும் கேட்கவில்லை.

என் கணவர் அந்த அண்ணனின் உதடுகளைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

அவள் பிழைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அண்ணன் இன்னும் நம்பவில்லை. கடையை மூடிவிட்டோம், அவர் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். அவர் ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடுவதில்லை; மறுபடி கூரையைப் பார்க்கிறாரா என்று பார்க்கிறேன்.