நாற்பத்தோராம் நாள்

என் கடைக்குட்டி கல்லூரி விடுமுறையில் வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போனாள். அறுபது நாளில் ஒரு நாள் குறைந்தாலும் சான்றிதழ் கிடையாது. நாற்பத்தோராம் நாள் அவளுக்குக் கடும் காய்ச்சல். ஊரானை நம்புகிறவன் இல்லை நான். போனைத் தலைமாட்டில் நிறுத்தச் சொல்லி, அவள் படுக்கையில் கிடந்ததை இங்கிருந்தே வீடியோவில் பொழுதுக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ்வளவுதான்பா, சான்றிதழ் போச்சு" என்று அழுதாள்.

ஊர் திரும்பிய பிறகு தபாலில் சான்றிதழ் வந்தது. அறுபது நாளும் வந்தாளாம். நாற்பத்தோராம் நாள் செய்த சோதனைதான் எல்லாவற்றிலும் சுத்தமாம். ஆய்வுக்கூட மேலதிகாரி அன்று எடுத்த படத்தையும் உறைக்குள் வைத்திருந்தார். வெள்ளை மேலங்கியில், கண்ணாடிக் குழாயும் கையுமாக, அவளேதான்.

"நான் போகலைப்பா. நீங்களே பாத்துட்டு இருந்தீங்க. திருப்பி அனுப்பிடலாம்."

"பாத்தேன்தான். அதுக்காக நம்ம மூஞ்சிய நம்மளுது இல்லைன்னு சொல்லச் சொல்றியா?"

படத்துக்குச் சட்டம் போட்டு வாசலுக்கு நேராக மாட்டினேன். வருகிறவர்களிடம் சொல்லி மாளவில்லை. அவள் தினமும் அதன்மேல் துண்டைப் போட்டு மூடுவாள். நான் உருவி எறிவேன்.

நேற்று இருவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய் வந்தோம். போகும்போது படத்தை மூடியிருந்த துண்டு நாலாக மடித்து நாற்காலியில் இருந்தது. எங்கள் வீட்டில் துணி மடிக்கிற பழக்கம் யாருக்கும் கிடையாது.