ரூவிக் கடையில் குதிக்கும் முள்

மஸ்கட்டின் ரூவியில் அருள்முருகனின் கடையில், தாரகன் தயாரித்த ரெகே இசைத்தட்டில் முள் மறுபடியும் குதிக்கிறது. வீட்டில் ஒழுங்காகப் பாடிய தட்டு. “சினிமாத் தட்டெல்லாம் நல்லாப் பாடுது. உங்களுதுக்கு மட்டும் கால் முளைச்சிருக்கா? தட்டுப் பெட்டியோட எடுத்துட்டுப் போங்க பாய், கலாஸ், முடிஞ்சுது!” என்கிறார் அருள்முருகன். “ஐயோ அண்ணை, மஸ்கட்டில இதை விக்கிறதுக்கு உங்கட கடை ஒண்டுதானே இருக்கு!” எரிச்சலில் தாரகன் மேசையில் கையை ஊன்றுகிறான். ரெகேயின் கனத்த பாஸ் ஒலி இறங்கும்போதெல்லாம் பலகை உள்ளங்கையில் அதிர்கிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் பிளேயர் மூடியின் தூசி நடுங்குகிறது, முள் தாவுகிறது. பக்கத்திலேயே, அதே மேசையில், ஸ்பீக்கர். வீட்டில் அது தரையில் இருக்கும். சினிமாப் பாட்டில் இவ்வளவு அடி இல்லை. “ஒரு கை பிடியுங்கோ அண்ணை.” இருவருமாக ஸ்பீக்கரைத் தூக்கித் தரையில் வைக்கிறார்கள். மேசை அதிரவில்லை, முள் குதிக்கவில்லை.